மரத்தடியில் மாட்டிய பந்து: தாழ அடித்தாலும் எழும்புகிறது, வலப்பக்கமே போகிறது. ஏன்?

களக்காட்டு வாழை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் களக்காடு, வேலை வள்ளியூரில். கோயம்புத்தூரில் இருந்தபோது கோல்ஃப் பழகினேன். இங்கே மாற்றலாகி வந்த பிறகு, முடிகிற ஞாயிறுகளில் விடியுமுன்னே கிளம்பி நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியாகத் திருவனந்தபுரம் போய் ஆடிவிட்டு வருகிறேன். அங்கே இருப்பது ஒன்பது குழி மைதானம். கோடை விடுமுறையில் வீட்டோடு கொடைக்கானல் போனால் அங்கேயும் ஒரு ஆட்டம் உண்டு. இரண்டு இடத்திலும் மரத்துக்குப் பஞ்சமே இல்லை. முதல் அடிக்கான நீளக் கிளப்பான டிரைவரில் கொஞ்சம் கோணினால் பந்து மரத்தடியில்தான்.

மற்ற நாட்களில் பயிற்சியெல்லாம் ராதாபுரம் பக்கம் மாமாவின் பனை விளையில். அறுவடை முடிந்த பக்கத்துப் புஞ்சையில் வலை கட்டி அடிக்கிறேன்.

மரத்துக்கு அடியிலிருந்து தாழ அடித்து வெளியே வரும் பஞ்ச் ஷாட்தான் எனக்குப் பிடிபடவில்லை. செய்வது இதுதான்: செவன் அயர்ன் (இரும்புத் தலைக் கிளப்; எண் கூடக்கூடப் பந்து உயரப் போகும்). பந்து வலது பாதத்துக்கு நேரே. கைகள் இடது தொடைக்கு முன்னால். பிறகு ஓங்கி ஒரே அடி. இரண்டு விதமாகக் கெடுகிறது. சில சமயம் புறப்படும்போது இடுப்பு உயரத்தில் அழகாகப் போகிறது, முப்பது கெஜம் போனதும் தானாக எழும்பி அடுத்த மரத்தின் கிளையில் படுகிறது. மற்ற சமயம் நான் குறிவைத்த இடைவெளிக்கு வலப்பக்கம் நிற்கும் மரத்தில் போய் முட்டுகிறது. இடப்பக்க மரத்தில் பட்டதே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வலக்கை ஆட்டம்தான்.

எந்தக் கிளப் எடுக்கலாம், ஏன் வலப்பக்கம், எப்போது இந்த அடியையே விட்டுவிட்டுப் பக்கவாட்டில் தட்டி வெளியே வருவது? விவரமாகச் சொல்லுங்கள். விதிமுறை தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளையை ஒடிக்கலாமா, கீழே கிடக்கும் சருகை ஒதுக்கலாமா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

---

தென்காசிச் சாரல் எழுதியது:

சுருக்கமாக: பிடியை இரண்டு அங்குலம் கீழே இறக்குங்கள். கால்களை நெருக்கி வையுங்கள். எடையை முதலிலேயே இடது காலில் போட்டு, அடித்து முடியும்வரை அங்கேயே வையுங்கள். கை இடுப்பைத் தாண்டி மேலே போகவே கூடாது, பின்னாலும் சரி முன்னாலும் சரி. ஃபைவ் அயர்ன் போதும். ஆடி மாதம் காற்று அடிக்கும்போதும் நான் இதையேதான் ஆடுகிறேன். வலப்பக்கம் போவதற்குக் காரணம் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, தேரிக்காட்டு அண்ணாச்சி வந்தால் சொல்வார்.

---

தேரிக்காட்டான் எழுதியது:

தம்பி, 'ஓங்கி ஒரே அடி'ன்னு எழுதியிருக்கீங்கல்லா, அந்த ஓங்குததை முதல்ல விடுங்க. பாதி வியாதி அதுலதான் இருக்கு.

எனக்குச் சாத்தான்குளம் பக்கம். வாலிப வயசுல கொடைக்கானலுக்குப் போயி ஆடுதவங்க கிளப் பையைத் தூக்கினேன். அங்கனயே ஆடவும் பழகிக்கிட்டேன். 1895-ல போட்ட மைதானம் அது, பதினெட்டுக் குழி. தைல மரமும் பைன் மரமுமா நிக்கும். ரொம்ப வருசம் அந்த மரத்துக்கு ஊடயே நடந்திருக்கேன். இப்ப ஊர்ல முருங்கையும் பனையும் பாத்துக்கிட்டு இருக்கேன். பை தூக்குதவனுக்கு ஒரு வசதி உண்டு: நூறு பேரு ஒரே மரத்துக்கு அடியில இருந்து அடிக்குததைப் பாக்கலாம். எவன் வெளிய வந்தான், எவன் உள்ளயே கிடந்தான்னு கண்ணு பழகிரும். அதுல கண்டதைச் சொல்லுதேன்.

பந்து எழும்புததுக்குக் காரணம் ரெண்டு. அடிபடுத நேரத்துல கிளப் முகம் எவ்வளவு மல்லாந்து இருக்குங்கது ஒண்ணு. பந்து பின்னோக்கிச் சுத்துத வேகம் இன்னொண்ணு. புறப்படுத உயரத்தை முகம் தீர்மானிக்கும். போகப்போக எழும்புததைச் சுழற்சிதான் தீர்மானிக்கும். பின்னோக்கிச் சுத்துத பந்தைக் காத்து மேல தூக்கும், வேகமும் சேந்தா இன்னும் தூக்கும். உங்க பந்து முப்பது கெஜம் வரைக்கும் ஒழுங்கா போயி பெறவு எழும்புதுன்னா, முகத்தைச் சரியா வச்சிருக்கீங்க, சுழற்சியைத்தான் ஏத்தி விட்டிருக்கீங்கன்னு அர்த்தம்.

எப்படி ஏறுச்சு? செவன் அயர்ன் பழைய செட்டுல 34, 35 டிகிரி மல்லாந்து இருக்கும். இப்ப வாரதுல அதைவிடக் குறைவு. அதைத் தாழ அடிக்கணும்னு பந்தைப் பின்னால தள்ளி, கையை முன்னால கொண்டுபோயி முகத்தைக் கவுக்கீங்க. சரி. ஆனா பந்து அவ்வளவு பின்னால இருந்தா கிளப் செங்குத்தா இறங்கும். செங்குத்தா இறங்குத அடி, அதுவும் முழுப் பலத்தோட, பந்தைப் போட்டுச் சுத்தி விட்டுரும். முகத்தைக் கவுத்ததுல கெடச்ச லாபம் அதுலயே போயிருது. அதனால செவனை விட்டுட்டு ஃபைவ் அயர்ன் எடுங்க, பழைய செட்டுல 27, 28 டிகிரி. ஃபோர் அயர்ன் இருந்தா அதுவும் கொள்ளாம். கிளப்பே தாழ அனுப்பும். அதை வச்சுக்கிட்டு மெதுவா அடிங்க. மெதுவான்னா பயந்து தட்டுதது இல்ல. பின்னால சின்னதா எடுத்து, அதே நிதானத்துல கொண்டு வந்து, பந்தைத் தாண்டித் தரையை ஒட்டியே முன்னால போகணும். வேகம் கொறஞ்சா சுழற்சி கொறையும், சுழற்சி கொறஞ்சா பந்து கீழேயே கிடக்கும். நீங்க பந்தை அம்பது அறுவது கெஜம் கொண்டு போனா போதும், மிச்சத்தைத் தரை பாத்துக்கிடும்.

இப்ப வலப்பக்கம். நீங்க ஆச்சரியமா இருக்குன்னு எழுதினீங்க. அதுக்குத் தெளிவான காரணம் இருக்கு. ஸ்விங்குங்கது ஒரு வளையம்லா. கிளப் உள்பக்கம் இருந்து வெளிப்பக்கமா வந்து, நடு மார்புக்கு நேர வந்த பெறவுதான் குறிக்கு நேரா திரும்பும், பெறவு இடப்பக்கமா உள்ள போவும். முகமும் அதே மாதிரி தொறந்து வந்து மூடிக்கிட்டே போகுது. பந்தை வலது பாதத்துக்குத் தள்ளி வச்சா, கிளப் அதைத் தொடுத நேரத்துல வளையம் இன்னும் வலப்பக்கம் பாத்து போய்க்கிட்டு இருக்கு. முகமும் மூடி முடியல. ரெண்டும் ஒரே பக்கம் பாத்தா பந்து வேற எங்க போகும்? உங்க கைல ஒரு குத்தமும் இல்ல. வச்ச இடம் அப்படி.

அதனால பந்தை வலது பாதம் வரைக்கும் தள்ளாதீங்க. ரெண்டு காலுக்கும் நடுவுல இருந்து ஒரு பந்து அகலம், மிஞ்சிப்போனா ரெண்டு பந்து அகலம் பின்னால. அது போதும், ஃபைவ் அயர்ன்தான் கையில இருக்குல்லா. பிடிக்குததுக்கு முன்னாலயே முகத்தை ஒரு நூல் மூடி வச்சுக்கிட்டு அதுக்கு மேல பிடிங்க. பிடிச்ச பெறவு மணிக்கட்டால மூடினா அடிக்கையில பழையபடி தொறந்துரும். இடது காலைக் கொஞ்சம் பின்னால இழுத்து வச்சா உடம்பு சுலபமா திரும்பும். குறுகலான இடத்துல அந்தத் திருப்பம்தான் முகத்தைக் கொண்டு வந்து மூடும்.

கை எப்படிப் போகணும்னு கேக்குத ஆளுகளுக்கு நான் வெட்டருவாளைத்தான் சொல்லுவேன். வேலி உடையைத் தூரோட வெட்டும்போது பாத்திருப்பீங்க: கை முன்னால போகும், அலகு பின்னால இழுபட்டு வரும், மணிக்கட்டை நடுவுல மடக்கினா அலகு சிலும்பிரும். இங்கயும் அதே கணக்கு. கை பந்தைத் தாண்டின பெறவுதான் கிளப் பந்துக்கு வரணும். அடிச்சு முடிச்சு நிக்கையில கிளப் நுனி இடுப்புக்குக் கீழ, குறியைப் பாத்து நிக்கணும். தோளுக்கு மேல போயிருந்தா நடுவுல மணிக்கட்டு மடங்கியிருக்குன்னு தெரிஞ்சுக்கிடுங்க.

இவ்வளவும் அடிக்குத விசயம். அதைவிடப் பெரிசு அடிக்குததுக்கு முன்னால பாக்குத விசயம். மரத்தடிக்குப் போனதும் எல்லாரும் தலையைத் தூக்கி இடைவெளியைத் தேடுவாங்க. முதல்ல குனிஞ்சு பந்து கிடக்குத தரையைப் பாக்கணும். கட்டாந்தரையா, சருகா, புல்லா, வேருக்குப் பக்கமா? வேர் ஒட்டிக் கிடந்தா, அது மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்தாலும் சரி, பலமா அடிக்குத எண்ணத்தையே விட்டுருங்க. கிளப் ஒடிஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கிடலாம், மணிக்கட்டுக்கு அடிபட்டா ஆறுததுக்கு மாசக்கணக்கு ஆகும்.

பெறவு இடைவெளி. பத்தடி அகலம் இருக்கே, தாராளமா போயிரும்னு சொல்லுவாங்க. அந்தப் பத்தடி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாக்கணும். மூணு மீட்டர் இடைவெளி உங்களுக்கு அஞ்சு மீட்டர் முன்னால இருந்தா, நீங்க நிக்குத இடத்துல இருந்து 33 டிகிரிக்குத் தொறந்து கிடக்கு. கண்ணை மூடிக்கிட்டு அடிக்கலாம். அதே மூணு மீட்டர் நாப்பது மீட்டர் தள்ளி இருந்தா 4 டிகிரிதான். ஃபேர்வே (புல்லை ஒட்ட வெட்டின ஆடுபாதை) நடுவுல, நல்ல புல்லுல நின்னு அடிச்சாலே 4 டிகிரிக்குள்ள நம்ம ஆளுக அடிக்க மாட்டாங்க. அதனால முதல் மரத்தை விட மூணாவது மரத்தைப் பாருங்க. கிட்ட இருக்க வாசல் எல்லாம் பெருசா தெரியும். கடைசி வாசல்தான் பந்தை விடுதா இல்லையான்னு சொல்லும்.

அதுக்கும் பெறவு, பந்து எங்க போயி நிக்கும்? தாழ அடிச்ச பந்து ஓடும். கோடையில காஞ்ச தரையில பறந்த தூரம் அளவுக்கே ஓடுததைப் பாத்திருக்கேன். அருமையா வெளிய வந்து, ஃபேர்வேயைக் குறுக்க கடந்து, எதிர்ப்பக்கத்துக் காட்டுக்குள்ள போயிருத பந்துதான் நான் அதிகமா தேடினது. அதனால நிக்க வேண்டிய இடத்தை முதல்ல குறிச்சுக்கிட்டு, அங்கயிருந்து பின்னால கணக்குப் போட்டுப் பலத்தை முடிவு பண்ணுங்க. அடுத்த அடியை முழுசா அடிக்குத மாதிரி ஒரு இடம். அது கிரீனுக்கு (குழி இருக்குத புல்தரை) பக்கமா இருக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல.

எப்ப விடணும்னு கேட்டீங்க. கடைசி வாசல் வழியா பத்துல எட்டு பந்து போகும்னு மனசாரத் தோணலைன்னா விட்டுருங்க. பக்கவாட்டுல, வேண்டியிருந்தா பின்பக்கமாவே தட்டி வெளிய வாங்க. போனது ஒரு அடி. மரத்துல பட்டா அந்த அடியும் போயி, பந்தும் முன்னைவிட மோசமான இடத்துல கிடக்கும்.

---

நாகர்கோவில் சானல்கரை எழுதியது:

அண்ணாச்சி சொன்னதில் ஆட்ட நுணுக்கம் எல்லாம் சரி. கடைசிப் பத்தியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2010-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில், பதிமூன்றாவது குழியில் ஃபில் மிக்கல்சன் பைன் சருகில் கிடந்த பந்தை இரண்டு மரங்களுக்கு நடுவே சிக்ஸ் அயர்னில் அடித்து, ஓடையைத் தாண்டி கிரீனில் நிறுத்தினார். 200 கெஜத்துக்கு மேல். அன்றைக்குப் பட்டமும் ஜெயித்தார். 2012-ல் பப்பா வாட்சன் அதே மைதானத்தில் பத்தாவது குழியில், சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில், மரக்கூட்டத்துக்குள்ளிருந்து வெட்ஜை (நன்றாக மல்லாந்த முகமுள்ள கிளப்) வளைத்து அடித்துத்தான் பட்டத்துக்கான ஜாக்கெட் வாங்கினார். 1999-ல் வேறொரு போட்டியில் செர்ஜியோ கார்சியா வேருக்கு நடுவே கிடந்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்க்கப் பின்னாலேயே ஓடினார். எப்போதும் பக்கவாட்டிலேயே தட்டிக்கொண்டிருந்தால் ஆட்டத்தில் என்ன சந்தோஷம் இருக்கிறது?

---

தேரிக்காட்டான் எழுதியது:

தம்பி, நீங்க சொன்ன மூணு அடியையும் நானும் எத்தனையோ தடவை போட்டுப் பாத்திருக்கேன். எனக்கும் ரொம்பப் பிரியமானதுதான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? மிக்கல்சன் பந்து சருகு மேல சுத்தமா உக்காந்திருந்தது, பின்னால எடுக்கவும் முன்னால விடவும் கிளை இடிக்கல, மரம் ரெண்டும் பந்துக்குக் கிட்டயே இருந்தது. நான் மேல சொன்ன கணக்குல அது 'அடி'ன்னு சொல்லுத இடம். அவருக்கு அது பஞ்ச் ஷாட்டே இல்ல, வழக்கமா அடிக்குத சிக்ஸ் அயர்ன். கிட்ட நிறுத்தினாரு, ஈகிளுக்கு (கணக்குக்கு ரெண்டு அடி கம்மி) குழிக்குள்ள தட்டினது விழல, பேர்டிதான் (ஒரு அடி கம்மி). வாட்சன் தாழ விட்டு வளைச்சாருன்னா, பந்தை வளைக்குதது அவருக்கு அன்னைக்குப் புதுசா தோணினது இல்ல, ஒவ்வொரு நாளும் அப்படித்தான் அடிக்காரு. நமக்கு ஞாயித்துக்கிழமை ஒரு ஆட்டம். அவங்களை அளவுகோலா எடுத்தா இடைவெளியைப் பாத்து ஆசைதான் வரும்.

சந்தோஷம் எங்க இருக்குன்னு கேட்டீங்க. மரத்துக்குள்ள போயும் அஞ்சுல முடிச்சுட்டு வாரதுல எனக்குப் பெரிய சந்தோஷம் இருக்கு. மனசாரச் சொல்லுதேன். நாலு பார் குழியில, அதாவது நாலு அடியில முடிக்க வேண்டிய குழியில, மரத்துக்குள்ள போன பந்துக்கு அஞ்சு போட்டவங்கதான் சாயந்தரம் பரிசு வாங்கிட்டுப் போவாங்க. நான் பை தூக்கின காலத்துல அதைத்தான் திரும்பத் திரும்பப் பாத்தேன்.

---

வள்ளியூர் டீச்சர் எழுதியது:

விதி கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

ஒட்டியிருப்பது, உதிர்ந்து கிடப்பது என்ற ஒரு பிரிவு மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். மரத்தோடு ஒட்டியிருக்கும் கிளை, வேரோடு நிற்கும் செடி, முள் எதையும் ஒடிக்கவோ வளைத்துக் கட்டவோ கூடாது. விதி 8.1. நிற்பதற்கு எவ்வளவு நுழைய வேண்டுமோ அவ்வளவு மட்டும் நுழையலாம். அதில் ஒரு கிளை தானாக விலகினால் குற்றமில்லை. பயிற்சி ஸ்விங்கில் கிளையை முறித்து வழியைச் சரிசெய்துகொண்டால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு அடி தண்டம். உண்மையாக அடிக்கும்போது பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னால் ஓங்குகையில்) கிளை முறிந்து, அந்த அடியை நிறுத்தாமல் அடித்து முடித்தால் தண்டம் இல்லை.

உதிர்ந்த சருகு, சுள்ளி, கல், பனங்கருக்கின் துண்டு இவற்றை எங்கே வேண்டுமானாலும் அகற்றலாம், விதி 15.1. ஆனால் அதை எடுக்கும்போது பந்து நகர்ந்தால் ஒரு அடி தண்டம், பந்தைப் பழைய இடத்தில் வைக்கவும் வேண்டும். பைன் சருகில் இது சர்வ சாதாரணமாக நடக்கும். ஒரு சருகை இழுத்தால் அடியில் பத்துச் சருகு அசையும். பந்தைத் தொட்டுக்கொண்டு கிடப்பதை விட்டுவிடுவதே நல்லது. கிளப்பையும் சருகின் மேல் ஊன்றாமல் சற்றே தூக்கிப் பிடித்து அடியுங்கள்.

அடிக்க வழியே இல்லை என்றால் விதி 19.2. ஒரு அடி தண்டத்தோடு மூன்று வழி: முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போகலாம். குழியையும் பந்தையும் சேர்க்கும் கோட்டில் பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். அல்லது பந்து கிடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து போடலாம். இரண்டு கிளப் நீளம் என்பது டிரைவரால் அளந்தால் ஏறத்தாழ ஏழரை அடி. அந்த ஏழரை அடியில் மரத்தை விட்டு வெளியே வர முடியுமா என்று முதலில் அளந்து பாருங்கள். முடியாவிட்டால் தண்டமும் கட்டி, மரத்தடியிலேயே நிற்பீர்கள்.

நம் பக்கத்துக்குத் தேவையான இன்னொன்று: பந்துக்கு அருகே விஷப்பாம்போ கதண்டுக் கூடோ இருந்தால் விதி 16.2-ன்படி தண்டமே இல்லாமல் நகர்ந்து போட்டுக்கொள்ளலாம். முள்ளுக்கு அந்தச் சலுகை கிடையாது. கொடைக்கானலில் காட்டெருமை மிதித்த ஒற்றைக் குளம்படியில் பந்து கிடந்தாலும் சலுகை இல்லை, அந்த மைதானம் தனி விதி போட்டிருந்தால் ஒழிய. தேடும் நேரம் மூன்று நிமிடம் என்பதையும் மறக்க வேண்டாம். 2018 வரை ஐந்தாக இருந்தது.

தாழ்ந்த கிளைக்கு அடியில் முழங்காலிட்டு அடிக்கலாம், ஆனால் தரையில் துண்டு விரித்து அதன் மேல் முழங்காலிடக் கூடாது. 1987-ல் சான் டியாகோவின் டோரி பைன்ஸ் மைதானத்தில் கிரெய்க் ஸ்டாட்லர் கால்சட்டை அழுக்காகாமல் இருக்க அப்படிச் செய்தார். நிற்குமிடத்தைக் கட்டியமைத்ததாகக் கணக்காகி, அந்தத் தண்டத்தைச் சேர்க்காமல் ஸ்கோர் அட்டையில் கையெழுத்திட்டிருந்ததால் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். 1995-ல் பட்டுப்போன அதே மரத்தை வெட்ட அவரையே கூப்பிட்டார்கள். அவரும் ரம்பத்தோடு வந்து வெட்டினார். துண்டுக்குப் பதில் மழைக்குப் போடும் கால்சட்டையை மாட்டிக்கொண்டு முழங்காலிட்டால் ஒரு தடையும் இல்லை.

---

களக்காட்டு வாழை எழுதியது:

டீச்சருக்கும் அண்ணாச்சிக்கும் ரொம்ப நன்றி. மூன்றாவது மரத்தைப் பார்க்கச் சொன்னது எனக்கு மிகவும் பயன்படும். இதுவரை முதல் இடைவெளியைத் தாண்டி யோசித்ததில்லை.

அண்ணாச்சி, இன்னும் இரண்டு சந்தேகம். கொடைக்கானலில் மரத்தடியில் புல் கணுக்கால் உயரத்துக்கு இருக்கிறது. அங்கேயும் ஃபைவ் அயர்ன்தானா? அப்புறம், மாமா விளையில் இதை எப்படிப் பழகுவது? அங்கே பனையும் வடலியும்தான். ஓரத்தில் இரண்டு உடை மரம் நிற்கிறது.

---

தேரிக்காட்டான் எழுதியது:

புல்லுல ஃபைவ் அயர்ன் வேண்டாம் தம்பி. நான் அதை முன்னயே எழுதியிருக்கணும், நீங்க கேட்டது நல்லதாப் போச்சு. ஒசந்த புல்லு கிளப் கழுத்தைச் சுத்திப் பிடிச்சு முகத்தை மூடிரும். அதுலயும் நீட்டுக் கிளப்புல முகம் ஏற்கெனவே கவுந்து இருக்கு. பந்து எழும்பாம புல்லுக்குள்ளயே ரெண்டு கெஜம் ஓடி நின்னுரும், இல்லைன்னா இடப்பக்கமா சரேல்னு போகும். அங்கன எய்ட் அயர்ன், புல்லு ரொம்ப அடர்த்தின்னா நைன் எடுங்க. பந்தை இன்னொரு பந்து அகலம் பின்னால வச்சு, பிடியை இறுக்கி, முகத்தைக் கொஞ்சம் தொறந்தே வைங்க. புல்லு அதை மூடிச் சரியாக்கும். இங்க மட்டும் செங்குத்தா இறங்குதது நல்லது. புல்லுல மாட்டுத அடிக்குச் சுழற்சி கொறைவாத்தான் வரும், அதனால எழும்பிருமோங்கத பயமும் வேண்டாம். தூரம் பெருசா எதிர்பாக்காதீங்க. ஃபேர்வேக்கு வந்தா போதும்.

கட்டாந்தரை, செம்மண்ணுன்னா நேர் எதிர். பந்தைத்தான் முதல்ல தொடணும், தரையைத் தொட்டா கிளப் துள்ளி பந்து மண்டையில படும். அங்க ஃபைவ் அயர்ன், மெதுவா. தேரி மணல்ல பழகினா இது தானா வரும். மணலை முதல்ல அடிச்சா பந்து நகராது, ஒவ்வொரு அடிக்கும் உடனே தெரிஞ்சுரும்.

விளையில பழகுதது ரொம்ப நல்லது. நானும் அப்படித்தான் பழகுதேன். ரெண்டு பனைக்கு நடுவுல ஒரு கயித்தை நெஞ்சு உயரத்துல கட்டுங்க. அதுல இருந்து பத்து எட்டு (பத்துக் காலடி) தள்ளி நின்னு ஃபைவ் அயர்ன், செவன், நைன் மூணையும் மாத்தி மாத்தி அடிங்க. மூணும் கயித்துக்கு அடியில போற வரைக்கும் வேகத்தைக் கொறச்சுக்கிட்டே வாங்க. எந்தக் கிளப்புக்கு எவ்வளவு வேகம் தாங்கும்னு கைக்கே தெரியும். அது தெரிஞ்ச பெறவு கயித்தை இடுப்புக்கு இறக்குங்க. பெறவு இருவது எட்டு தள்ளி இன்னொரு கயிறு கட்டுங்க, உங்க பந்து எழும்புத இடம் அங்கதான். முதல் கயித்துக்கு அடியில போயி ரெண்டாவதுக்கு மேல போனா இன்னும் பலமா அடிக்கீங்கன்னு அர்த்தம்.

உடை மரம் நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க, அது பெரிய வாய்ப்பு. உச்சி தட்டையா விரிஞ்சு, ஓரக்கிளை தாழ்ந்து வரும்லா. நின்னபடி அதுக்கு அடியில பேக்ஸ்விங் எடுக்க முடியாது. குனிஞ்சு, பிடியை உலோகம் தொடங்குத இடம் வரைக்கும் இறக்கி, கையை மட்டும் வச்சு அடிச்சுப் பழகுங்க. இடப்பக்கம் நிக்கவே முடியாத இடத்துல கிளப்பைத் தலைகீழாத் திருப்பி, நுனி கீழ பாக்க, இடக்கை ஆட்டக்காரர் மாதிரி நின்னு தட்டவும் அங்கயே பழகிக்கிடலாம். கிளப் தலையோட எந்தப் பக்கத்தால அடிச்சாலும் விதி ஒத்துக்கிடும், டீச்சர் அதைச் சொல்ல விட்டுட்டாங்க. நைன் அயர்ன் இதுக்குத் தோது, தலை அகலமா இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பனை மரத்துல நேரா பட்ட பந்து அதே வேகத்துல திரும்பி வரும், தைல மரத்தைவிட மோசம். பந்துக்கு நேர் முன்னால, பத்து எட்டுக்குள்ள பனை நிக்குத வரிசையில அடிக்கவே அடிக்காதீங்க. ஆட்டத்துல திரும்பி வந்து உங்க மேல பட்டா 2019-ல இருந்து தண்டம் இல்லதான், ஆனா பல்லு போச்சுன்னா போச்சு. வடலிக்குள்ள போன பந்தை எடுக்கக் கையை விடாதீங்க, கருக்கு கிழிச்சிரும். கிளப்பால இழுத்துப் போடுங்க. மாமா விளையில பதனி இறக்குத ஆளு இருந்தா, அவரு எந்த வரிசையில எப்ப ஏறுதாருன்னு கேட்டுட்டு, அவரு இறங்கிப் போன பெறவு அடிக்க ஆரம்பிங்க. மரத்து மேல இருக்கவருக்குக் கீழ வாற பந்து தெரியாது.

கயிறு கட்டி அடிச்சுப் பாத்துட்டு, ரெண்டாவது கயித்துல என்ன ஆச்சுன்னு இங்க எழுதுங்க. அதைப் பாத்துட்டு பந்து வைக்குத இடத்தை இன்னும் மாத்தணுமான்னு சொல்லுதேன்.